திரைப் பிரிதிறனும் எழுத்தளவும்

கணினித் திரையின் பிரிதிறன் என்பது ஒரு திரை கிடையாகவும் நெடுக்காகவும் எத்தனை புள்ளிகளைக் கொண்டு படத்தை உருவாக்குகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். இப்புள்ளிகள் படவணுக்கள் அல்லது பிக்சல்கள் எனப்படுகின்றன. ஒரு திரையின் பிரிதிறன் 1024 × 768 எனக் குறிப்பிடப்பட்டால், ஒரு வரிசையில் 1024 படவணுக்களும் அவ்வாறான 768 வரிசைகளும் உள்ளன என்பது பொருள்.

திரையில் ஓர் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதும், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதும் பிரிதிறனோடு தொடர்புடையவை. ஆயினும் இவை இரண்டும் வேறு வேறானவை. எழுத்து சிறிதாக உள்ளது என்று பிரிதிறனைக் குறைப்பது பழைய படக்குழாய்த் திரைகளில் பொருத்தமான வழியாக இருந்தது. தட்டைத் திரைகளில் அதே வழி எழுத்தைப் பெரிதாக்குவதோடு மங்கவும் செய்கிறது. இவற்றில் பிரிதிறனை மாற்றாமல், இயங்குதளத்தின் அளவுப் பெருக்கத்தைக் கூட்டுவதே பெரும்பாலும் சரியான வழியாகும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. பெரிய எழுத்து தேவைப்படுபவர்களே மங்கலான எழுத்தால் மிகுதியாகத் துன்புறுகின்றனர்.

பிரிதிறன் எழுத்தின் அளவை மாற்றும் விதம்

அச்சுத் தொழிலில் எழுத்தின் அளவு பாயிண்ட் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. கணினிகளில் ஒரு பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. தாளில் 12 பாயிண்ட் எழுத்து எங்கும் ஒரே அளவாக இருக்கும். திரையில் அவ்வாறு இருப்பதில்லை. கணினி எழுத்தைப் படவணுக்களில் எண்ணுகிறதே தவிர, ஒவ்வொரு படவணுவும் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

1984ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டோஷ் கணினியின் திரையில் ஓர் அங்குலத்திற்கு 72 படவணுக்கள் இருந்தன. எனவே அதில் 12 பாயிண்ட் எழுத்து 12 படவணு உயரக் கட்டத்தில் அமைந்து, தாளில் உள்ள அளவிலேயே தெரிந்தது. மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் இயங்குதளம் ஓர் அங்குலத்திற்கு 96 படவணுக்கள் என்று கொண்டது. புத்தகத்தைவிடத் திரையைச் சற்றுத் தொலைவில் வைத்துப் படிப்பதால், எழுத்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கவேண்டும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். இக்கணக்கின்படி விண்டோஸில் 12 பாயிண்ட் எழுத்துக்கு 16 படவணு உயரமுள்ள கட்டம் ஒதுக்கப்படுகிறது.

அந்த 16 படவணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் என்பது திரையைப் பொறுத்தது. 1280 × 1024 பிரிதிறன் கொண்ட 17 அங்குலத் தட்டைத் திரையில் ஒரு படவணு ஏறத்தாழ 0.26 மி.மீ. இருக்கும், எழுத்தின் கட்டம் 4.2 மி.மீ. உயரம் பெறும். 1920 × 1080 பிரிதிறன் கொண்ட 15.6 அங்குல மடிக்கணினியில் ஒரு படவணு 0.18 மி.மீ. மட்டுமே. அதே 12 பாயிண்ட் எழுத்தின் கட்டம் அதில் 2.9 மி.மீ.தான். பழைய கணினியில் இடரின்றிப் படித்த ஒருவர் புதிய மடிக்கணினியில் கண்ணைச் சுருக்க நேர்வதற்குக் காரணம் இதுவே. அவருடைய பார்வை திடீரெனக் குறைந்துவிட்டது என்பது அல்ல.

படக்குழாய்த் திரைகள்

1980களிலும் 1990களிலும் கணினிகளுடன் வந்தவை பெரும்பாலும் படக்குழாய்த் திரைகள். இவற்றில் ஒரு மின்னணுக் கற்றை குழாயின் முகப்பில் பூசப்பட்டுள்ள ஒளிர்பொருளின் மீது வரிவரியாக ஓடிப் படத்தை வரைகிறது. ஒளிர்புள்ளிகளுக்கும் கணினி அனுப்பும் படவணுக்களுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு கிடையாது. 480 வரிகள் வந்தால் அவற்றை இடம்விட்டும், 768 வரிகள் வந்தால் நெருக்கியும் கற்றை வரையும். எனவே பிரிதிறனைக் குறைத்தால் எழுத்து பெரிதாகும். அதன் விளிம்பும் ஏறத்தாழ முன்போலவே இருக்கும்.

மற்றொரு நன்மையும் கிடைத்தது. படக்குழாய் ஒரு நொடிக்கு எத்தனை வரிகளை வரைய முடியும் என்பதற்கு எல்லை உண்டு. வரிகள் கூடினால் முழுப் படத்தையும் ஒரு நொடியில் வரையக்கூடிய தடவைகள் குறையும். நொடிக்கு 60 தடவை மட்டும் வரையப்படும் படம் பலருக்குத் துடிப்பதாகத் தோன்றும். 85 தடவை வரைந்தால் அத்துடிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். 1024 × 768 பிரிதிறனை நொடிக்கு 85 தடவை வரைவதற்குத் திரை நொடிக்குச் சுமார் 69,000 வரிகளை வரையவேண்டும். 800 × 600 ஆயின் சுமார் 54,000 வரிகள் போதும். ஆகவே மலிவான திரை வைத்திருந்தவர் பிரிதிறனை ஒரு படி குறைத்தபோது பெரிய எழுத்தையும் துடிப்பற்ற படத்தையும் ஒருங்கே பெற்றார்.

அக்காலத்தில் 14 அங்குலத் திரைக்கு 640 × 480, 15 அங்குலத்திற்கு 800 × 600, 17 அங்குலத்திற்கு 1024 × 768 என்பவை பொதுவாகப் பரிந்துரைக்கப்பட்டன. இவற்றுள் 640 × 480 என்பது 1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையில் இடம்பெற்ற பிரிதிறன். எழுத்து சிறிதாக இருந்தால் பிரிதிறனைக் குறைக்கவேண்டும் என்ற பழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது. திரையின் தொழில்நுட்பம் மாறிய பின்னரும் அப்பழக்கம் மாறவில்லை.

தட்டைத் திரையும் இயல்புப் பிரிதிறனும்

எல்.சி.டி. எனப்படும் நீர்மப் படிகத் திரையில் ஒவ்வொரு படவணுவும் தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்ட ஒரு சிற்றறை. ஒவ்வோர் அறையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று உட்கூறுகளைக் கொண்டது. அறைகளின் எண்ணிக்கையை எந்த அமைப்பாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அவ்வெண்ணிக்கையே அத்திரையின் இயல்புப் பிரிதிறன் ஆகும். பிற்காலத்து ஓ.எல்.இ.டி. திரைகளுக்கும் இது பொருந்தும்.

இயல்புப் பிரிதிறனுக்குக் குறைவான படத்தைக் கணினி அனுப்பினால், திரை அதனைத் தன் அறைகளுக்கு ஏற்ப நீட்டவேண்டும். 1280 × 1024 அறைகள் கொண்ட திரைக்கு 1024 × 768 படம் வந்ததாகக் கொள்ளலாம். கிடையாக 4 படவணுக்கள் 5 அறைகளில் பரவவேண்டும். ஒரு படவணு அகலமுள்ள கருநிற நிலைக்கோடு இப்போது ஒன்றேகால் அறை அகலம் பெறவேண்டும். கால் அறையை மட்டும் கருப்பாக்க இயலாது என்பதால், அருகிலுள்ள அறை சாம்பல் நிறமாக்கப்படுகிறது. சில கோடுகள் ஓர் அறைக்குள் பொருந்திக் கூர்மையாகவும், வேறு சில இரண்டு அறைகளில் சிதறி வெளிறியும் அமைகின்றன. ஒரே சொல்லில் ஓர் எழுத்து தடித்தும் அடுத்தது மெலிந்தும் தெரிவது இதனாலேயே.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு குறையும் உண்டு. கிடை நீட்சி ஒன்றேகால் மடங்கு. நெடுக்கு நீட்சி ஒன்றே மூன்றில் ஒரு மடங்கு. ஆதலால் எழுத்து சற்று நெட்டையாகிறது. 1366 × 768 பிரிதிறன் கொண்ட மடிக்கணினியில் 1024 × 768 தெரிவுசெய்தால், கிடையாக மட்டும் நீண்டு எழுத்து குட்டையாகவும் பருத்தும் தோன்றும். வட்டம் முட்டை வடிவமாகும். இருபுறமும் கருப்புப் பட்டைகளை விட்டு விகிதத்தைக் காக்கும் வசதி பல திரைகளில் உள்ளது.

எழுத்தை மென்மையாக்கும் நுட்பமும் இங்கே குலைகிறது. மைக்ரோசாப்ட் 1998இல் அறிவித்து, 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் சேர்த்த கிளியர்டைப் நுட்பம், ஒவ்வோர் அறையிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீல உட்கூறுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் விளிம்பைச் சீராக்குகிறது. உட்கூறுகள் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தால்தான் இது பயன்தரும். படம் நீட்டப்படும்போது அவ்விடங்கள் மாறிவிடுவதால், எழுத்தின் ஓரங்களில் செந்நிற, நீலநிறக் கசிவு காணப்படும்.

3840 × 2160 திரையில் 1920 × 1080 தெரிவுசெய்யும்போது ஒரு படவணுவுக்குச் சரியாக நான்கு அறைகள் கிடைக்கின்றன. கணக்கின்படி இங்கு மங்கல் ஏற்படத் தேவையில்லை. ஆயினும் பல திரைகள் எல்லாப் படத்தையும் ஒரே முறையில் மென்மைப்படுத்துவதால் இங்கும் மங்கல் தோன்றுவதுண்டு. முழுஎண் மடங்கில் மட்டும் பெருக்கும் தெரிவு 2019 முதல் வரைகலை அட்டைகளின் இயக்கிகளில் சேர்க்கப்பட்டது.

மங்கல் இல்லாவிட்டாலும் இழப்பு ஒன்று எஞ்சுகிறது. மேலே கூறிய 15.6 அங்குல மடிக்கணினியில் பிரிதிறனை 1280 × 720 ஆகக் குறைத்தால் 12 பாயிண்ட் எழுத்தின் கட்டம் 4.3 மி.மீ. ஆகும். பிரிதிறனை மாற்றாமல் அளவுப் பெருக்கத்தை 150 விழுக்காடாக வைத்தாலும் அதே 4.3 மி.மீ.தான். அளவில் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் முறையில் எழுத்து 16 வரிசைகளில் வரையப்பட்டுப் பின்னர் நீட்டப்படுகிறது. இரண்டாவது முறையில் தொடக்கத்திலிருந்தே 24 வரிசைகளில் வரையப்படுகிறது. சதுரக் கட்டத்தின் கணக்கில் ஒன்று 256 புள்ளிகளால் ஆன எழுத்து. மற்றது 576 புள்ளிகளால் ஆனது.

தமிழ் எழுத்துகளில் ஏற்படும் விளைவு

இப்புள்ளிக் கணக்கு தமிழ் எழுத்துகளுக்கு மிகவும் தேவையானது. தமிழில் எழுத்துகளை வேறுபடுத்தும் உறுப்புகள் பலவும் மிகச் சிறியவை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வேறுபாடு கீழே இடப்படும் ஒரு சிறு கோடு மட்டுமே. அக்கோடு கரைந்தால் ஏரி எரியாகிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே உள்ளது ஒரு சுழி. பேறு என்பதும் பெறு என்பதும், கோடு என்பதும் கொடு என்பதும் அச்சுழியாலேயே பிரிகின்றன. மேல்விலங்கின் நுனியில் உள்ள சுழி மறைந்தால் வீடு விடு எனத் தோன்றும்.

மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மற்றோர் எடுத்துக்காட்டு. ஒரு கோட்டுக்கு ஒரு படவணு, ஓர் இடைவெளிக்கு ஒரு படவணு என்று மிகச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும், ணகரத்தின் சுழிகளும் கால்களும் அவற்றின் இடைவெளிகளும் சிறிய கட்டத்தில் நெருங்கி நிற்கின்றன. அந்நிலையில் படம் நீட்டப்பட்டு இடைவெளிகள் சாம்பல் நிறமானால், மணமும் மனமும் ஒன்றுபோலத் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளி சிறிய எழுத்துருவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு படவணுக்களில் அடங்கிவிடுவதால், அது வெளிறிப்போவதும் எளிது.

பழகிய வாசகர் சொல்லின் இடத்தைக்கொண்டு இவற்றை ஊகித்துக்கொள்வார். புதிதாகத் தமிழ் கற்பவர், மெய்ப்புத் திருத்துபவர், பெயர்களையும் முகவரிகளையும் தட்டச்சு செய்பவர் ஆகியோருக்கு ஊகம் உதவாது. இத்தகையோருக்கு எழுத்தின் அளவைவிட அதன் புள்ளி எண்ணிக்கையே மிகுந்த பயன் தருவதாகும். படமாக வருடி இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய நூல்களுக்கு இந்த வழி பயன்படாது. அவற்றின் எழுத்து முன்பே புள்ளிகளாக உறைந்துவிட்டதால், எந்த முறையில் பெருக்கினாலும் வருடியபோது கிடைத்த நுணுக்கத்திற்கு மேல் கிடைக்காது.

அளவுப் பெருக்கத்தின் வளர்ச்சி

பிரிதிறனை மாற்றாமல் எழுத்தைப் பெருக்கும் வசதி புதியதன்று. விண்டோஸ் 95இல் சிறிய எழுத்துரு, பெரிய எழுத்துரு என்னும் தெரிவுகள் இருந்தன. பெரிய எழுத்துரு என்பது அங்குலத்திற்கு 120 படவணுக்கள் என்ற கணக்கு. அதாவது 125 விழுக்காடு. ஆனால் அன்றைய மென்பொருள்கள் பல 96 என்ற எண்ணையே நம்பி எழுதப்பட்டிருந்தன. பெரிய எழுத்துருவைத் தெரிவுசெய்தால் சொற்கள் பெட்டிக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டன. பொத்தான்கள் சாளரத்துக்கு வெளியே சென்று மறைந்தன. ஒரு முறை இதனைக் கண்டவர் மீண்டும் பிரிதிறனைக் குறைக்கும் பழைய வழிக்கே திரும்பினார். பயனரின் அறியாமை என்று இதனைச் சொல்வது பொருந்தாது. மென்பொருளாளர்களின் கவனக்குறைவு என்பதே சரி.

2001இல் ஐ.பி.எம். வெளியிட்ட டி220 என்னும் 22.2 அங்குலத் திரை 3840 × 2400 படவணுக்களைக் கொண்டிருந்தது. அங்குலத்திற்கு ஏறத்தாழ 204 படவணுக்கள் என்பது அந்நாளில் வியப்பூட்டிய அளவு. அன்றைய இயங்குதளங்கள் இதற்கு ஆயத்தமாக இல்லாததால், வழக்கமான அமைப்பில் எழுத்தும் சின்னங்களும் சாதாரணத் திரையில் இருப்பதில் பாதி அளவுக்கும் குறைவாகத் தெரிந்தன.

2007இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பெருக்கத்தை அறியாத மென்பொருள்களைப் பழைய அளவில் வரையச் செய்து, அப்படத்தை நீட்டிக் காட்டும் முறையைக் கொணர்ந்தது. பொத்தான்கள் மறையும் சிக்கல் இதனால் தீர்ந்தது. ஆனால் அத்தகைய மென்பொருளின் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் சில பழைய மென்பொருள்கள் இவ்வாறு தோன்றுகின்றன; ஒரு மென்பொருள் மட்டும் மங்கலாக இருந்தால் குறை திரையில் இல்லை என அறியலாம்.

ஆப்பிளின் ஐபோன் 4 அங்குலத்திற்கு 326 படவணுக்களுடன் 2010இல் வெளிவந்தது. 2012இல் 2880 × 1800 திரையுடன் மாக்புக் புரோ மடிக்கணினி வந்தது. இவற்றுக்குப் பின்னர் நுண்ணிய திரைகள் பரவலாயின. மென்பொருள்களும் திருத்தி எழுதப்பட்டன. 2013இல் வெளியான விண்டோஸ் 8.1, ஒரே கணினியில் இணைக்கப்பட்ட இரு திரைகளுக்கு வெவ்வேறு பெருக்கம் வைக்கும் வசதியை அளித்தது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், ஏனைய உறுப்புகளை விடுத்து எழுத்தை மட்டும் 225 விழுக்காடு வரை பெருக்கும் தெரிவு சேர்ந்தது.

மாக் கணினிகளில் ஒரு விதிவிலக்கைக் கவனிக்கவேண்டும். நுண்ணிய திரையுள்ள மாக்கில் பெரிய எழுத்து என்னும் தெரிவு, 1440 × 900 போன்ற ஒரு பிரிதிறனின் பெயரால் குறிக்கப்படுவதுண்டு. ஆயினும் உள்ளே படம் அதன் இருமடங்கு நுணுக்கத்தில் வரையப்பட்டே திரைக்கு வருகிறது. எனவே மாக்கில் பிரிதிறனைக் குறைத்தேன், எழுத்து கூர்மையாகவே உள்ளது என்று ஒருவர் கூறினால் அது பொய்யன்று. விண்டோஸில் அதே செயலுக்கு அதே விளைவு கிடைக்காது.

இணைய உலாவிகளில் தனிப் பெருக்கம் உண்டு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, படவணுக்களில் அளவு குறிக்கப்பட்ட எழுத்தைப் பெருக்க இயலாததாக இருந்தது. 2006இல் வந்த அதன் 7ஆம் பதிப்பும் 2008இல் வந்த பயர்பாக்ஸ் 3உம் பக்கம் முழுவதையும் பெருக்கும் வசதியைக் கொண்டிருந்தன. கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறி விசையை அழுத்தினால் பெரிதாகும். சுழியம் விசையை அழுத்தினால் பழைய அளவு மீளும். 2008இல் வெளியான இணைய அணுக்க வழிகாட்டி நெறிகளின் 2.0 பதிப்பு, பக்கத்தின் பயன் கெடாமல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெருக்க இயலவேண்டும் என்று வகுத்துள்ளது.

தக்க பெருக்கத்தைக் கணித்தல்

ஒரு திரையில் அங்குலத்திற்கு எத்தனை படவணுக்கள் உள்ளன என்பதை, பள்ளியில் கற்கும் பித்தாகரசு தேற்றத்தைக்கொண்டே அறியலாம். கிடை எண்ணிக்கையின் வர்க்கத்தையும் நெடுக்கு எண்ணிக்கையின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, திரையின் மூலைவிட்ட அங்குலத்தால் வகுக்கவேண்டும். 1920 × 1080 பிரிதிறனுக்கு மூலைவிட்டம் சுமார் 2203 படவணுக்கள். அதனை 15.6 ஆல் வகுத்தால் 141 கிடைக்கும். 24 அங்குலத் திரையாயின் 92 மட்டுமே. கிடைத்த எண்ணை 96 ஆல் வகுத்தால், எழுத்து அதன் பழைய இயல்பான அளவைப் பெறுவதற்கான பெருக்கம் தெரியும். 141 உள்ள மடிக்கணினிக்கு அது 150 விழுக்காட்டை நெருங்குகிறது. 92 உள்ள திரைக்குப் பெருக்கம் தேவையில்லை. 27 அங்குலத்தில் 3840 × 2160 கொண்ட திரையில் 163 படவணுக்கள் இருப்பதால், 175 விழுக்காடு பொருந்தும்.

இது நல்ல பார்வையுள்ளவருக்கான தொடக்க அளவே. திரைப் பணிக்கான ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலை, இலத்தீன் பெரிய எழுத்தின் உயரம் கண்ணில் 20 முதல் 22 பாகைத்துளி வரையான கோணத்தை அமைப்பது நன்று எனவும், 16க்குக் குறையலாகாது எனவும் கொண்டது. பாகைத்துளி என்பது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 60 செ.மீ. தொலைவில் 20 பாகைத்துளி என்பது 3.5 மி.மீ. ஆகும். 150 விழுக்காடு வைத்த மேற்படி மடிக்கணினியிலும் 12 பாயிண்ட் இலத்தீன் பெரிய எழுத்து சுமார் 3 மி.மீ. உயரமே பெறும். ஆகவே அதற்கு மேலும் பெருக்குவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

பெருக்கத்திற்கு விலை உண்டு. 1920 × 1080 திரையில் 150 விழுக்காடு வைத்தால் 1280 × 720 திரையில் அடங்கும் அளவு செய்தியே ஒரு நேரத்தில் தெரியும். விரிதாள்களில் பணிபுரிபவருக்கு இது இடராகலாம். அவருக்குப் பெரிய திரை தேவை. திரை வாங்கும்போது எண்ணிக்கை மிகுந்த பிரிதிறனை மட்டும் பார்த்தால் போதாது. அதே பிரிதிறன் பெரிய பரப்பில் இருந்தால் எழுத்து தானாகவே பெரிதாகும்.

வெள்ளெழுத்தும் பார்வைத் தொலைவும்

நாற்பது வயதையொட்டித் தோன்றும் வெள்ளெழுத்து, அருகிலுள்ளதைக் குவித்துப் பார்க்கும் ஆற்றலைக் குறைக்கிறது. இதற்கு அணியப்படும் இருகுவியக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் பிடிக்கும் தொலைவுக்கும், மேற்பகுதி தொலைநோக்குக்கும் அமைந்தவை. கணினித் திரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவில் உள்ளது. கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்ப்பதற்காகத் தலையை அண்ணாந்தே வைத்திருப்பதால் கழுத்து வலி உண்டாகிறது. எழுத்தைப் பெருக்குவது இதனை ஓரளவே தணிக்கும். இடைத்தொலைவுக்கென அளந்து செய்யப்பட்ட கண்ணாடியும், திரையைச் சற்றுத் தாழ்த்தி வைப்பதும் கூடுதல் பயன் தரும். திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து 45 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தினால் எழுத்து மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும் என்றாலும், வெள்ளெழுத்து உள்ளவருக்கு அருகில் இழுப்பது எதிர்விளைவைத் தரக்கூடும்.

பிரிதிறனைக் குறைப்பது தகும் இடங்கள்

படக்குழாய்த் திரை இன்னும் பயன்பாட்டில் உள்ள இடத்தில் பழைய முறையே சிறந்தது. பெருக்கத்தை ஏற்காத பழைய கணக்கியல் மென்பொருளை மட்டுமே நம்பியிருக்கும் அலுவலகத்திலும், மங்கலைப் பொறுத்துக்கொண்டு பிரிதிறனைக் குறைக்க நேரலாம். அவ்வாறு செய்யும்போது, இயல்புப் பிரிதிறனின் சரிபாதி கிடைக்குமாயின் அதனைத் தெரிவுசெய்வது நன்று. வகுப்பறைப் படவீழ்த்திகளும் நிலையான அறைகளைக் கொண்டவையே என்பதால், அவற்றுக்கு மடிக்கணினியின் பிரிதிறனை அல்லாமல் வீழ்த்தியின் இயல்புப் பிரிதிறனை வைக்கவேண்டும்.

விண்டோஸில் பிரிதிறனை மாற்றியவுடன் அதனை உறுதிசெய்யுமாறு ஒரு பெட்டி தோன்றும். 15 நொடிகளுக்குள் விடையளிக்காவிட்டால் பழைய பிரிதிறன் தானாகவே திரும்பிவிடும். எனவே பொருந்தாத ஒன்றைத் தெரிவுசெய்து திரை கருத்துப்போனால், எந்த விசையையும் அழுத்தாமல் காத்திருந்தாலே போதும்.